ஏஐ வேலையை விட்டுவைக்கலாம், இன்கிரிமென்ட்டை விட்டுவைக்குமா? ஹோம் லோன் கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கணக்கு



கொஞ்ச நாளா நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள்ல பாதி ஒரே மாதிரி இருக்கு. "அண்ணா, ஏஐ என் வேலையைத் தூக்கிடுமா?" அதுக்குப் பின்னாடியே இன்னொண்ணு: "லோன் சாங்ஷன் ஆகிடுச்சு, பிளாட் புக் பண்ணலாமா?" ரெண்டையும் தனித்தனிக் கேள்வியா கேட்கிறீங்க. எனக்கு ரெண்டும் ஒரே கேள்வியாத்தான் தெரியுது. பத்து நிமிஷ வீடியோவுல சொல்லி முடிக்க முடியல, அதான் எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வேலை போறது ஒரு ஆபத்து. அது வரலாம், வராமலும் போகலாம். அதுக்கு முன்னாடியே சத்தமில்லாம வர்றது வேற: சம்பளம் வருஷா வருஷம் 8, 10 சதவீதம் ஏறும்ங்கிற நம்பிக்கை ஆட்டம் காணுறது. நீங்க வாங்கப்போற 20 வருஷக் கடன் முழுக்க அந்த நம்பிக்கை மேலதான் நிக்குது.

நான் பூதப்பாண்டிக்காரன். தோவாளை தாலுகாவுக்குத் தலைமையிடம் எங்க ஊர். வயலும் தென்னையும் உள்ள ஊர்தான், ஆனா மாசச் சம்பளத்து மேல எங்க ஆட்களுக்கு இருக்கிற மரியாதை தனி. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர்-கொச்சியில இருந்தோம். உத்தியோகம்னா திருவனந்தபுரம் பார்த்துப் போறது அந்தக் காலப் பழக்கம். இப்பவும் பசங்க அங்கதான் போறாங்க, டெக்னோபார்க்குக்கு. மிச்சப் பேர் சென்னை, பெங்களூர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் ஸ்டேஷன்ல நின்னு பார்த்தீங்கன்னா தெரியும், தோள்ல லேப்டாப் பையோட எத்தனை பேர் கிளம்புறாங்கன்னு.

இந்த மாசச் சம்பளத்துக்கு ஒரு காலத்துல ஏணியா இருந்தது டைப்ரைட்டிங். பள்ளிக்கூடம் முடிஞ்சதும் லோயர், பொறவு ஹையர், தெம்பு இருந்தா ஷார்ட்ஹேண்ட். "லே மக்கா, ஹையர் பாஸாயிட்டா எங்கயாவது ஒரு நாற்காலி கெடச்சிரும்"னு பெரியவங்க சொல்லுவாங்க. கிடைச்சதும் உண்மை. கோத்ரெஜ் கம்பெனி 2009-ல் ஆபீஸ் டைப்ரைட்டர் தயாரிப்பையே நிறுத்திட்டது. அரசாங்க வேலைக்கு டைப்பிஸ்ட் பரீட்சை இன்னும் இருக்கு. தனியார் ஆபீஸ்ல அந்த நாற்காலி கிடையாது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. டைப்பிஸ்ட்தான் போனாங்க, டைப் அடிக்கிற வேலை போகல. மேனேஜர் தன் மெயிலைத் தானே அடிக்கிறார், இன்ஜினியர் தன் ரிப்போர்ட்டைத் தானே அடிக்கிறார். ஒரு ஆளோட வேலை இன்னும் பத்து ஆள் தலையில ஏறிச்சு, அதுக்காக யாருக்கும் சம்பளம் கூடல. இன்னைக்கு உங்க ஆபீஸ்லயும் இதேதான் நடக்குது. மீட்டிங் குறிப்பை ஏஐ எழுதுது, டெஸ்ட் கேஸை ஏஐ போடுது, கஸ்டமருக்குப் பதில் வரைவை ஏஐ தருது. சரிதான். ஆனா அதைச் சரிபார்க்கிற வேலை யார்கிட்ட வந்திருக்கு? முன்னாடி ரெண்டு ஜூனியர் செஞ்சதை இப்ப நீங்க ஒரு டூலை வச்சுக்கிட்டுச் செய்றீங்க. அந்த ரெண்டு ஜூனியரை இந்த வருஷம் எடுக்கவே இல்லை. யாரையும் "நீக்கலை", அதனால செய்தியும் வராது.

அடுத்தது பேங்க். இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும்.

1983 செப்டம்பர் 8-ம் தேதி இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் மிஷின்மயமாக்கல் பத்தி ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. கம்ப்யூட்டர் வரணுமா வேண்டாமான்னு பெரிய சண்டை நடந்த காலம் அது. எங்கெங்க மிஷின் வரலாம், என்ன வேலைக்கு வரலாம்னு மேஜையில உட்கார்ந்து பேசினாங்க. அடுத்த வருஷம் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை. பிறகு கிளைகள்ல லெட்ஜர் போஸ்டிங் மிஷின் வந்தப்போ அதை ஓட்டுற கிளர்க்குக்குத் தனி அலவன்ஸ். நல்லாப் பாருங்க: புது டெக்னாலஜி கத்துக்கிட்டதுக்கு மாசாமாசம் கூடுதல் பணம்! உங்க கம்பெனியில கோபைலட் கத்துக்கிட்டதுக்கு அலவன்ஸ் தந்தாங்களா? எனக்குத் தெரிஞ்சு ஒரு சர்டிபிகேட்டும், லிங்க்ட்இன்ல போட ஒரு பேட்ஜும் தந்திருப்பாங்க.

ஆள் குறைப்பு பேங்க்லயும் வந்தது. 2000-01-ல் பொதுத்துறை வங்கிகள்ல விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தாங்க. சுமார் 1 லட்சம் பேர் வெளியே போனாங்க. முடிச்ச ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மிச்சம் இருக்கிற சர்வீஸுக்கான சம்பளம், எது குறைவோ அது. ஒப்பந்தத்துக்கும் இதுக்கும் நடுவுல 17 வருஷம். 17 வருஷத்துல ஒரு கிளர்க் வீட்டுக் கடனை அடைச்சு, மகள் கல்யாணத்தை முடிச்சு, கையில கொஞ்சம் சேர்த்தும் வச்சிருக்கலாம். மிஷின் மெதுவா வந்ததுக்கு அந்தக் காலத்து டெக்னாலஜியும் ஒரு காரணம்தான். ஆனா பேச ஆள் இருந்ததும் காரணம். தொழிற்சங்கம் எங்க ஊருக்கு அந்நியமான சங்கதி இல்லை. ஜீவானந்தம் 1907-ல் பிறந்தது பூதப்பாண்டியிலதான்.

இப்ப டிசிஎஸ் கதையைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. 2025 ஜூன் 12 முதல் புது விதி: வருஷத்துக்குக் குறைஞ்சது 225 நாள் பில்லிங்ல இருக்கணும், பெஞ்ச்ல 35 நாளுக்கு மேல இருக்கக் கூடாது. ஜூலை கடைசியில அறிவிப்பு: மொத்த ஊழியர்ல 2 சதவீதம், அதாவது 12,000-க்கு மேல, அந்த நிதியாண்டுக்குள்ள குறைப்போம். பெரும்பாலும் நடு மட்டமும் மேல் மட்டமும். விதிக்கும் அறிவிப்புக்கும் நடுவுல ஏழு வாரம்கூட இல்லை.

ஏஐ தர்ற உற்பத்தித் திறனால இந்தக் குறைப்பு இல்லை, புது வேலைகளுக்குத் திறமை பொருந்தாததுதான் காரணம்னு சிஇஓ கிருத்திவாசன் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே ஏத்துக்கலாம், எனக்குப் பிரச்சினை இல்லை. வேலை இழந்தவருக்குக் காரணத்தோட பேர் எதுவா இருந்தா என்ன? 'நடு மட்டம்'ங்கிற வார்த்தைதான் நமக்கு முக்கியம். 35 வயசு, 12 வருஷ அனுபவம், பிளாட் லோன்ல பாதிகூட முடியல, பிள்ளை ரெண்டாம் கிளாஸ். சம்பளம் உச்சத்துல இருக்கும், கடனும் உச்சத்துல இருக்கும். இன்னைக்கு 26 வயசுல இருக்கிற நீங்க போய்ச் சேரப்போறது அந்த இடத்துக்குத்தான்.

அனுபவம் கூடக் கூடச் சம்பளம் கூடும்னு நாம நம்புறோம் இல்லையா, அந்த இடத்திலயே ஏஐ கை வைக்குது. அமெரிக்காவுல எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சே ரேமண்ட் மூணு பேரும் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கஸ்டமர் சப்போர்ட்ல வேலை செய்ற 5,179 பேரோட தரவை வச்சு, ஏஐ உதவியாளர் வந்தப்போ என்ன ஆச்சுன்னு பார்த்தாங்க. சராசரியா 14 சதவீதம் வேலை கூடுச்சு. ஆனா புதுசாச் சேர்ந்தவங்களுக்கு 34 சதவீதம். பழம் தின்னு கொட்டை போட்டவங்களுக்கு ஏறக்குறைய ஒண்ணுமே இல்லை. காரணம் என்னன்னா, அந்த ஏஐ கத்துக்கிட்டதே அந்த சீனியர்கள் கஸ்டமர்கிட்ட பேசின பேச்சுல இருந்துதான். அவங்க பல வருஷமாச் சேர்த்த சூட்சுமம் புதுசா வந்தவர் திரையில இலவசமா வருது.

கம்பெனி முதலாளியா நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க? சீனியருக்கு 10 சதவீத இன்கிரிமென்ட் எதுக்குன்னு யோசிப்பீங்க. யாரையும் அனுப்ப வேண்டியதே இல்லை. "இந்த வருஷம் பட்ஜெட் கொஞ்சம் டைட்" அப்படின்னு அப்ரைசல்ல ஒரு வரி போதும்.

இப்ப கணக்குக்கு வருவோம். கையில வர்ற சம்பளம் 60,000. ஹோம் லோன் 35 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம். ஈஎம்ஐ 30,374. ஊருக்கு அனுப்புறது, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மத்த செலவு 27,000. மிச்சம் 2,626 ரூபாய். பயமா இருக்கும். அப்பதான் லோன் ஏஜென்ட் சொல்வார்: "முதல் ரெண்டு வருஷம்தான் சார் இழுக்கும். சம்பளம் ஏற ஏற ஈஎம்ஐ தெரியவே தெரியாது."

வருஷம் 8 சதவீதம் ஏறினா அவர் சொன்னது சரிதான். அஞ்சு வருஷம் கழிச்சுச் சம்பளம் 88,160. மத்த செலவு வருஷம் 5 சதவீதம் ஏறி 34,460. ஈஎம்ஐ போக மிச்சம் 23,300. சந்தோஷம். அதே ஆள், அதே லோன், இன்கிரிமென்ட் மட்டும் 3 சதவீதம்னு வச்சுக்கோங்க. சம்பளம் 69,556, மிச்சம் 4,700. அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷம் இன்கிரிமென்ட்டே இல்லாம, மத்த மூணு வருஷம் 3 சதவீதம்னா? மிச்சம் 730 ரூபாய். இதுல வேலை ஒரு நாள்கூடப் போகல. கல்யாணம் ஆகல, பிள்ளை பிறக்கல, அப்பாவுக்கு ஆபரேஷன் வரல.

இதைவிட எனக்கு உறுத்தறது இன்னொண்ணு. மிச்சம் 730 ரூபாய்ல நிக்கிறவர் மேனேஜர்கிட்ட எப்படிப் பேசுவார்? ராத்திரி பத்து மணி கால், ஞாயிற்றுக்கிழமை ரிலீஸ், ரெண்டு ஆள் வேலை, எல்லாத்துக்கும் தலையாட்டுவார். வேற கம்பெனியில புது வேலை கத்துக்க 10,000 ரூபாய் குறைச்சலா ஆஃபர் வந்தா, அது எதிர்காலத்துக்கு நல்லதுன்னு தெரிஞ்சாலும் எடுக்க முடியாது. பேங்க் கிளர்க்குக்காகப் பேரம் பேசச் சங்கம் இருந்தது. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடை இல்லைன்னு தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவாச் சொல்லிட்டது. ஆனா உங்க பக்கத்து சீட்ல எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க? அதனால பேரம் பேச இன்னைக்கு உங்ககிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு: சம்பளம் வராம எத்தனை மாசம் தாங்குவீங்கங்கிற எண்ணிக்கை.

என் அளவுகோல் இதுதான். கார், போன், பர்சனல் லோன் எல்லாம் சேர்த்து மொத்த ஈஎம்ஐ கைச் சம்பளத்துல 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, ஈஎம்ஐயும் வீட்டுச் செலவும் சேர்த்து 9 மாசத்துக்கான பணம் எஃப்டியில தனியா கிடக்கணும். மேல சொன்ன ஆளுக்கு அது 5 லட்சத்து 16 ஆயிரம். 30 சதவீதம்னா ஈஎம்ஐ 18,000, அதுக்குக் கிடைக்கிற லோன் 20 லட்சத்துச் சொச்சம். "20 லட்சத்துல சென்னையில என்ன வாங்க முடியும்?"னு கேட்பீங்க. பிளாட் வாங்க முடியாதுதான். இப்போதைக்கு வாடகையில இருங்கன்னுதான் சொல்றேன்.

"வாடகை தண்டம்"னு வீட்டுல சொல்வாங்க. மேல சொன்ன லோன்ல முதல் வருஷம் நீங்க கட்டுறது 3 லட்சத்து 64 ஆயிரம். அதுல அசல்ல கழியுறது சுமார் 70,000. மிச்சம் எல்லாம் வட்டி. அதையும் தண்டம் கணக்குல எழுதினாத்தானே நியாயம்? அதோட, நம்ம பக்கத்துப் பசங்க பலருக்கு ஊர்ல ஒரு வீடு இருக்கு. ஓட்டு வீடோ காங்கிரீட்டோ, வேலை இல்லாத ஆறு மாசம் வாடகை இல்லாம இருக்க ஒரு கூரை. அதை வித்து அல்லது அடமானம் வச்சு பிளாட்டுக்கு முன்பணம் கட்டுற யோசனை மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டு மாமா "மவன் இன்னும் வாடகை வீட்டுலதான் கெடக்கானா"ன்னு கேட்டா கேட்டுட்டுப் போறார். அவரா ஈஎம்ஐ கட்டப் போறார்?

ஏற்கெனவே லோன் வாங்கினவங்க பதற வேண்டாம். போனஸ் வந்தா பார்ட் பேமென்ட் கட்டுங்க. ஃப்ளோட்டிங் வட்டியில தனிநபர் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கிறதுக்கு அபராதம் கிடையாது. இங்க நான் வழக்கமான அட்வைஸ்ல இருந்து மாறுறேன். எல்லாரும் "ஈஎம்ஐயை அப்படியே வச்சு வருஷத்தைக் குறைங்க, வட்டி மிச்சம்"னு சொல்வாங்க. வட்டிக் கணக்குப்படி அது சரி. ஆனா கையில 9 மாசப் பணம் சேராதவரைக்கும் ஈஎம்ஐயைக் குறைக்கச் சொல்லி பேங்க்ல எழுதிக் கொடுங்க. முதல் வருஷ முடிவுல 3 லட்சம் கட்டினா ஈஎம்ஐ சுமார் 2,650 குறையும். வட்டி கொஞ்சம் கூடப் போகும். பதிலுக்கு மாசாமாசம் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஹெல்த் இன்ஷூரன்ஸையும் சொல்லிடறேன், சுருக்கமா. கம்பெனி பாலிசி பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சுடும். அப்பா அம்மாவுக்குச் சுகர், பிரஷர் இருந்தா, புதுப் பாலிசியில அந்த வியாதிகளுக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். வேலை போன பிறகு ஓடினா அந்தக் காலம் அப்பதான் ஆரம்பிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த், லைஃப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. சம்பளம் வரும்போதே எடுத்து வைங்க.

அப்புறம் இந்த "ஏஐ கோர்ஸ்" வியாபாரம். 80,000 ரூபாய், அதுவும் நோ காஸ்ட் ஈஎம்ஐ, ஆறு வாரத்துல ப்ராம்ப்ட் இன்ஜினியர் ஆகலாமாம்! ஏஐக்குப் பயந்து இன்னொரு ஈஎம்ஐயா? என்பிடெல்ல ஐஐடி பேராசிரியர்கள் பாடம் இலவசமா இருக்கு, பரீட்சை எழுதினா மட்டும் கட்டணம். முதல்ல அதுல ஒரு கோர்ஸை முழுசா முடிங்க. முடிக்க முடியலன்னா 80,000 கட்டினாலும் முடிக்க மாட்டீங்க.

எதைக் கத்துக்கணும்னு கேட்டா, எங்க பக்கத்து ஆதாரம் எழுதுறவங்களைப் பாருங்கன்னு சொல்வேன். வெளியூர்ல பத்திர எழுத்தர்னு சொல்வீங்க. 2018 பிப்ரவரியில பதிவுத்துறை ஸ்டார் 2.0 கொண்டுவந்து பத்திரப்பதிவை ஆன்லைன் ஆக்கிட்டது. வில்லங்கத்தை யார் வேணாலும் வீட்டுல இருந்தே இலவசமாப் பார்க்கலாம். அத்தோட இந்தத் தொழில் முடிஞ்சதுன்னு நினைச்சவங்க உண்டு. முடியல. ஏன்னா வில்லங்கம் திரையில வந்துடும். அதை வாசிச்சு, எந்த சர்வே நம்பர்ல உட்பிரிவு சரியா நடக்கல, எந்தப் பழைய பாகப்பிரிவினையில ஒரு சகோதரி கையெழுத்து விட்டுப்போச்சுன்னு சொல்ல ஆள் வேணும். படிவம் நிரப்புறதை மட்டும் தொழிலா வச்சிருந்தா கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கும். உங்க டீம்லயும் அப்படித்தான். ரிப்போர்ட் தயாரிக்கிறது ஒரு வேலை. அதுல இருக்கிற எண் ஏன் தப்பு, இந்த கஸ்டமர் எதுல கோபப்படுவார், தப்பு நடந்தா யார் பேர்ல வரும்னு தெரிஞ்சு கையெழுத்துப் போடறது வேற வேலை. அந்த வேலை வர்ற மீட்டிங்ல எப்படியாவது ஒரு நாற்காலி பிடிங்க. தற்போதைக்கு இன்கிரிமென்ட்டுக்கு வாதாட உங்ககிட்ட இருக்கப்போற சரக்கு அது.

லோன் கையெழுத்துப் போடற நாள் நெருங்கிட்டவங்களுக்கு ஒரு சின்ன வேலை. நம்ம சேனல்ல சொல்ற மாதிரி ஒரு எக்செல் ஷீட் போட்டு வச்சிருப்பீங்க, அதுல 'இன்கிரிமென்ட்' கட்டத்துல 8 இல்ல 10 இருக்கும். அதை அழிச்சுட்டு 3 போடுங்க. ரெண்டாவது, நாலாவது வருஷத்துக்கு மட்டும் 0 போடுங்க. அஞ்சாவது வருஷ மிச்சம் எவ்வளவுன்னு பாருங்க. மைனஸ்ல வந்தா, நாளைக்குக் காலையில பில்டர் ஆபீஸுக்குப் போன் பண்ணி டோக்கன் அட்வான்ஸ் தேதியைத் தள்ளிப் போடுங்க. "ஆஃபர் இந்த வாரத்தோட முடியுது சார்"னு அவங்க சொல்வாங்க. அடுத்த வாரமும் அதையேதான் சொல்வாங்க.